மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ: மார்பகப் புற்றுநோய் பரிசோதனையில் யாருக்கு எந்த ஸ்கேன்?

'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பேக்கேஜ்களில் பெண்களுக்கென்று இப்போது தனிப் பட்டியலே இருக்கிறது. அதில் மேமோகிராம் என்று ஒரு வரி, மார்பக அல்ட்ராசவுண்ட் என்று இன்னொரு வரி. விலை கூடிய பேக்கேஜில் '3டி மேமோகிராம்'. சில இடங்களில் "அழுத்தம் இல்லை, கதிர்வீச்சு இல்லை" என்ற விளம்பரத்தோடு வெப்பக் கேமரா பரிசோதனையும் உண்டு. பணம் கட்ட நிற்பவரின் கேள்வி ஒன்றுதான்: இதில் எது நல்லது?

'நல்லது' என்றால் என்ன என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. அதிகமான கட்டிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஸ்கேன் ஒன்று. உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபிக்கப்பட்ட ஸ்கேன் இன்னொன்று. கேட்பதற்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் அப்படி இல்லை.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகவும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. அதே ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பேருக்கு நோய், 6.7 லட்சம் மரணம். உலகக் கணக்கையும் இந்தியக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலக அளவில் நோய் வந்தவர்களோடு ஒப்பிட்டால் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தியாவில் அது பாதி. இங்கே நோய் தாமதமாகத் தெரியவருவது இதற்கு முக்கியக் காரணம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை எந்த அறிகுறியும் இல்லாத பெண்கள் வழக்கமாகச் செய்துகொள்ளும் பரிசோதனை பற்றியது. கையில் கட்டி தட்டுப்படுகிறது, காம்பில் ரத்தம் கலந்த நீர் வருகிறது, காம்பு உள்ளிழுத்துக்கொண்டது, தோலில் குழி விழுகிறது என்றால் அது ஸ்கிரீனிங் கணக்கில் வராது. எந்த வயதாக இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். "போன வருஷம்தான் மேமோகிராம் எடுத்தேன், நார்மல்னு வந்துச்சு" என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது.

மேமோகிராம்: ஏன் இவ்வளவு அழுத்துகிறார்கள்?

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு இடையே மார்பை வைத்து அழுத்திப் படம் எடுப்பார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு கோணம், ஆக மொத்தம் நான்கு படங்கள். ஒவ்வொரு முறையும் அழுத்தம் சில நொடிகள்தான்.

அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விரிந்தால்தான் நடுவில் ஒளிந்திருக்கும் சின்னக் கட்டி தெரியும். அசைவு இல்லாவிட்டால் படம் மங்காது. தடிமன் குறைந்தால் கதிர்வீச்சும் குறைவாகப் போதும். வலிக்குமா என்று கேட்டால், சிலருக்கு வலிக்கத்தான் செய்யும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் எடுத்தால் வலி குறைவாக இருக்கும். எடுக்கும் நாளில் அக்குளில் பவுடர், டியோடரன்ட் போடாமல் போவது நல்லது. அதிலுள்ள துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து குழப்பும்.

கதிர்வீச்சு பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. இரண்டு மார்பகங்களுக்கும் சேர்த்து ஒரு முறை எடுக்கும்போது உடலுக்குச் சேரும் அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் எல்லோர் மீதும் படும் கதிர்வீச்சோடு ஒப்பிட்டால், இது ஏறக்குறைய ஏழு வாரக் கணக்கு. 40 வயதைத் தாண்டியவருக்கு இது தயங்க வேண்டிய அளவு அல்ல.

மற்ற ஸ்கேன்கள் பலவற்றால் முடியாத ஒரு வேலையை மேமோகிராம் செய்கிறது. பால் நாளங்களுக்குள் மட்டும் இருக்கும் ஆரம்பநிலைப் புற்று, பல நேரங்களில் கட்டியாகவே இருக்காது. உப்புத்தூள் தூவியது போல நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். அதைப் பிடிப்பதில் மேமோகிராமுக்கு ஈடு இல்லை.

'உயிர் காக்கும்' என்று எப்படிச் சொல்கிறார்கள்?

1963-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு தொடங்கியது. சுமார் 62 ஆயிரம் பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் மேமோகிராமுக்கும் மருத்துவரின் கைப் பரிசோதனைக்கும் அழைத்தார்கள். 1977-ல் ஸ்வீடனில் இரண்டு மாவட்டங்களில் 1.3 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து இன்னொரு ஆய்வு. இரண்டிலும் எண்ணப்பட்டது கட்டிகளை அல்ல, மரணங்களை. அழைக்கப்பட்ட குழுக்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் குறைந்தது. ஸ்வீடன் ஆய்வில் சுமார் 30 சதவீதம்.

மரணத்தை ஏன் எண்ண வேண்டும்? ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு 58 வயதில் கட்டி தட்டுப்பட்டு, 60 வயதில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பெண்ணுக்கு 55 வயதிலேயே ஸ்கேனில் கண்டுபிடித்து, அப்போதும் 60 வயதிலேயே இறந்தால்? 'கண்டுபிடித்த பிறகு 2 ஆண்டு வாழ்ந்தார்' என்பது '5 ஆண்டு வாழ்ந்தார்' என்று மாறும். புள்ளிவிவரம் அழகாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. "எங்கள் ஸ்கேன் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது" என்று யார் சொன்னாலும், இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சில புற்றுகள் மிக மெதுவாக வளரும். ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அதை அறியாமலே இருந்திருப்பார். ஆனால் படத்தில் தெரிந்துவிட்டால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் நடக்கும். 2012-ல் பிரிட்டனில் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு இதைக் கணக்குப் போட்டது. 50 வயதில் 10 ஆயிரம் பெண்களை அழைத்து 20 ஆண்டுகள் தொடர்ந்து மேமோகிராம் எடுத்தால் 43 மரணங்கள் தடுக்கப்படும். 129 பேர் தேவையே இல்லாத புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஆளாவார்கள். அந்த 129 பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. இத்தனையும் சொல்லிவிட்டு, பரிசோதனையைத் தொடரலாம், ஆனால் இந்தக் கணக்கைப் பெண்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றது அந்தக் குழு. நம்மூர் பேக்கேஜ் நோட்டீஸ்களில் இந்த இரண்டாவது எண் இடம்பெறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாட்டுக்கு நாடு விதி மாறுவதும் இதனால்தான். அமெரிக்காவில் அரசுக்குப் பரிந்துரை தரும் நோய்த் தடுப்புப் பணிக்குழு, 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று 2024-ல் அறிவித்தது. அதற்கு முன் 50 வயதில் தொடங்கினால் போதும், 40-களில் அவரவர் விருப்பம் என்றிருந்தது. பிரிட்டனில் 50 வயதிலிருந்து 71-வது பிறந்தநாள் வரை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அடிக்கடி எடுத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கண்டுபிடிக்கலாம், வீண் அலைச்சலும் கூடும். ஆண்டுதோறும் 10 ஆண்டுகள் எடுக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ஒருமுறையாவது "சந்தேகமா இருக்கு, திரும்ப வாங்க" என்று அழைக்கப்பட்டு, கடைசியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள் என்கின்றன அமெரிக்க ஆய்வுகள்.

மார்பக அடர்த்தி: வெள்ளைக்குள் வெள்ளை

மேமோகிராமின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

மார்பகத்தில் கொழுப்பும் உண்டு, சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் உண்டு. எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளை. கட்டியும் வெள்ளை. கொழுப்பு அதிகமுள்ள மார்பில் கட்டி இருட்டில் வைத்த விளக்கு மாதிரி தெரிந்துவிடும். சுரப்பித் திசு நிறைந்த மார்பில் பாலில் விழுந்த பஞ்சைத் தேடுவது போல.

இதை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாக ரேடியாலஜிஸ்டுகள் பிரிக்கிறார்கள். ஏ என்றால் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. டி என்றால் மிக மிக அடர்த்தி. அமெரிக்கக் கணக்குப்படி, பரிசோதனை வயதில் இருக்கும் பெண்களில் 10-ல் ஒருவர் ஏ, 10-ல் ஒருவர் டி, மற்றவர்கள் நடுவில். சியும் டியும் சேர்ந்தால் 'அடர்த்தியான மார்பகம்' என்று பெயர். ஆக, ஏறக்குறைய பாதிப் பேர். இது நோயே இல்லை. இளம் வயதில் அடர்த்தி கூடுதலாகவும், மாதவிடாய் நின்ற பிறகு குறைவாகவும் இருப்பதுதான் பொதுவான போக்கு.

மார்பு பெரிதா சிறிதா, தொட்டால் கெட்டியா மிருதுவா என்பதை வைத்து இந்த அடர்த்தியைச் சொல்ல முடியாது. மேமோகிராம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எவ்வளவு வித்தியாசம்? அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏ வகை மார்பில் இருந்த 100 புற்றுகளில் சுமார் 87-ஐ மேமோகிராம் பிடித்தது. டி வகையில் சுமார் 63 மட்டுமே. போதாததற்கு, அடர்த்தி அதிகமாக இருப்பதே புற்றுநோய் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. நோய் வர வாய்ப்பு அதிகமுள்ளவரிடம் கருவியின் கண் மங்கலாகிவிடுகிறது என்பதுதான் பிரச்னை. அதனால், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய மார்பு அடர்த்தியானதா என்பதை ரிப்போர்ட்டோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அமெரிக்கா முழுவதும் 2024 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்தது.

சரி, அடர்த்தி என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது? மற்ற ஸ்கேன்களின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

3டி மேமோகிராம்: கூடுதல் விலைக்குத் தகுமா?

சாதாரண மேமோகிராமில் கருவி ஒரே இடத்தில் நின்று படம் பிடிக்கும். 3டி-யில் அது வில் போல வளைந்து நகர்ந்து பல படங்களை எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை மெல்லிய அடுக்குகளாக்கித் தரும். ரொட்டியை வெளியிலிருந்து பார்ப்பதற்கும் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். மார்பை அழுத்துவது இதிலும் உண்டு. அமெரிக்காவில் 2011-ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஜெர்மனியில் சுமார் 1 லட்சம் பெண்களிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், சாதாரண மேமோகிராம் 1,000 பேரில் 4.8 பேருக்குப் பரவும் வகைப் புற்றைக் கண்டுபிடிக்க, 3டி 7.1 பேருக்குக் கண்டுபிடித்தது. ஆனால் நார்வேயின் பெர்கன் நகரில் நடந்த ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை: 6.1-க்கு 6.6. 3டி எடுப்பதால் மரணமோ, முற்றிய புற்றுநோயோ குறைகிறதா என்பதற்கான பெரிய ஆய்வு அமெரிக்காவில் 1 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து நடந்துவருகிறது.

போகும் மையத்தில் 3டி இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது என்றால் எடுத்துக்கொள்ளலாம். 3டி இல்லை என்பதற்காகச் சாதாரண மேமோகிராமைத் தள்ளிப்போடுவதில் அர்த்தம் இல்லை.

அல்ட்ராசவுண்ட்: நம்மூரில் அதிகம் எழுதப்படும் ஸ்கேன்

வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சின்ன ஊரிலும் கருவி இருக்கிறது. மார்பக அடர்த்தி இதற்குப் பெரிய தடையும் அல்ல. சுரப்பித் திசு வெள்ளையாகவும் கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் தெரியும். இவ்வளவு வசதி இருந்தும் உலகில் எந்தப் பெரிய அமைப்பும் மேமோகிராமுக்குப் பதிலாக இதைப் பரிந்துரைக்கவில்லையே, ஏன்?

ஒன்று, அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகள் இதில் சரியாகத் தெரியாது. இரண்டு, கருவியைப் பிடித்திருப்பவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது முடிவு. மூன்று, சாதாரண நீர்க்கட்டி, கொழுப்பு உருண்டை என்று சந்தேகப்பட வைப்பவை நிறையக் கண்ணில் படும்.

இதை நன்றாகக் காட்டியது ஜப்பான். அங்கே 40 முதல் 49 வயது வரையிலான சுமார் 73 ஆயிரம் பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மேமோகிராம் மட்டும், பாதிப் பேருக்கு மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் 117 பேருக்குப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது; இரண்டும் எடுத்தவர்களில் 184 பேருக்கு. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே தானாக வெளிப்பட்ட புற்றுகள் 35-லிருந்து 18 ஆகக் குறைந்தன. நல்ல செய்திதான். கூடவே, நோய் இல்லாத 100 பேரில் வீணாகச் சந்தேகப்பட்டு அழைக்கப்பட்டவர்கள் சுமார் 9-லிருந்து 12 ஆகக் கூடினார்கள்.

அந்த ஆய்வில் அல்ட்ராசவுண்ட் மேமோகிராமின் இடத்தைப் பிடிக்கவில்லை, கூடச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். "ஸ்கேன் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல" என்று 45 வயதில் அல்ட்ராசவுண்டோடு நிறுத்திக்கொள்வதற்கு இந்த ஆய்வு ஆதாரம் ஆகாது. 30 வயதுக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டு வருபவருக்கும் கர்ப்பிணிக்கும் முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட்தான். ஆனால் அது நோயறியும் சோதனை, ஸ்கிரீனிங் இல்லை.

எம்.ஆர்.ஐ: எல்லாவற்றையும் பார்க்கும் கண்

குப்புறப் படுக்க வைத்து, கையில் கடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி, காந்தக் குழாய்க்குள் அனுப்புவார்கள். புற்றுக் கட்டிகள் தங்களுக்கென்று புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதால் இந்த மருந்தை வேகமாக உறிஞ்சி 'பளிச்' என்று தெரியும். கதிர்வீச்சு கிடையாது. பொதுவாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கண்டுபிடிப்பதில் இதை மிஞ்சுவது கஷ்டம். நெதர்லாந்தில் டி வகை அடர்த்தி உள்ள, மேமோகிராம் 'நார்மல்' என்று வந்த 40 ஆயிரம் பெண்களை வைத்து ஆய்வு நடந்தது. அவர்களில் சுமார் 8 ஆயிரம் பேரை எம்.ஆர்.ஐ-க்கு அழைத்தார்கள். எடுத்துக்கொண்டவர்களில் 1,000-க்கு 16.5 பேருக்குப் புற்று இருந்தது. மேமோகிராம் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லி அனுப்பியவர்கள் இவர்கள். அடுத்த மேமோகிராமுக்கு முன்பே வெளிப்படும் புற்றுகளின் எண்ணிக்கை, அழைக்கப்படாத குழுவில் 1,000-க்கு 5. அழைக்கப்பட்ட குழுவில் 2.5. 2019-ல் இந்த முடிவு வெளியானது.

அப்படியென்றால் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ எடுத்துவிடலாமே? அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. அழைக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர்தான் எடுத்துக்கொள்ள முன்வந்தார்கள், அதுவும் இலவசமாக. எடுத்தவர்களில் 1,000-க்கு சுமார் 80 பேர் புற்று இல்லாமலே மேல்சோதனைக்கு அலைந்தார்கள். அடுத்த சுற்றில் இந்த அலைச்சல் வெகுவாகக் குறைந்தது என்பது ஆறுதல்.

எம்.ஆர்.ஐ சந்தேகத்துக்கு இடமின்றித் தேவைப்படும் ஒரு குழு இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள், குடும்ப வரலாற்றை வைத்துக் கணக்கிட்டால் வாழ்நாள் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் வருபவர்கள், சிறு வயதில் வேறு புற்றுக்காக நெஞ்சில் கதிர்வீச்சு எடுத்தவர்கள். இவர்களுக்கு 30 வயது வாக்கிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ-யும் மேமோகிராமும் சேர்த்து எடுக்கச் சொல்கிறது அமெரிக்கப் புற்றுநோய் சங்கம். அம்மா, அக்கா, தங்கை, மகள் ஆகியோரில் யாருக்காவது இளம் வயதிலேயே மார்பகப் புற்றோ, சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்பா வழி அத்தை, பாட்டிக்கு வந்திருந்தாலும் அதே கணக்குதான். இந்த மரபணு அப்பா வழியாகவும் வரும் என்பது பல வீடுகளில் தெரியாது.

நேருக்கு நேர் மோதவிட்டால்?

மூன்று கூடுதல் ஸ்கேன்களை ஒரே களத்தில் இறக்கிப் பார்த்தது பிரிட்டன். அடர்த்தியான மார்பும் நார்மல் மேமோகிராமும் உள்ள, 50 முதல் 70 வயது வரையிலான 9,361 பெண்களைச் சேர்த்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பியோனா கில்பர்ட் தலைமையில் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது.

கூடுதலாகப் புற்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள், 1,000-க்கு:

தானியங்கி அல்ட்ராசவுண்டில் 4.2. நேரம் குறைத்த 'சுருக்க' எம்.ஆர்.ஐ-யில் 17.4. அயோடின் மருந்து செலுத்தி எடுக்கும் மேமோகிராமில் 19.2.

கடைசியாகச் சொன்னதுதான் இதில் சுவாரசியம். வழக்கமான மேமோகிராம் கருவியிலேயே கொஞ்சம் மாற்றம் செய்து, கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றி எடுக்கும் படம் அது. எம்.ஆர்.ஐ செய்யும் வேலையை ஏறக்குறைய அதே அளவுக்குச் செய்கிறது. செலவும் எம்.ஆர்.ஐ-யை விடக் குறைவு. ஆனால் கதிர்வீச்சு உண்டு, அயோடின் ஒவ்வாமை சிலருக்கு வரும். இந்த ஆய்விலும் சிலருக்கு வந்தது. நல்ல உடம்போடு வரும் ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டுப் படம் எடுக்கும்போது இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இவற்றில் எதுவும் இன்னும் மரணக் கணக்கு வரை போகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் அமெரிக்கப் பணிக்குழு 2024 அறிக்கையில், அடர்த்தியான மார்புக்கு எம்.ஆர்.ஐ-யோ அல்ட்ராசவுண்டோ வழக்கமாகச் சேர்க்கலாமா என்பதற்கு 'ஆதாரம் போதவில்லை' என்று எழுதியது.

இந்தியாவில் முதல் கேள்வியே வேறு

இந்தியாவில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்ற தேசியத் திட்டம் கிடையாது. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலில் இருப்பது 30 முதல் 65 வயது வரை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

'கையால பார்த்து என்ன தெரிஞ்சிடப் போகுது?' என்று நினைப்பவர்களுக்கு மும்பையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. பாதிப் பகுதிகளில், பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள் மார்பகத்தைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். எந்த இயந்திரமும் இல்லை. சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள். பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதக் குறைவு. புள்ளியியல்படி அதை உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், மரணத்தை அளவுகோலாக வைத்து நடந்த ஆய்வு இது. 3டி-க்கும் எம்.ஆர்.ஐ-க்கும் இன்னும் கிடைக்காத வகை ஆதாரம், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களைப் பொறுத்தவரை பயிற்சி பெற்ற கைக்கு இருக்கிறது.

இந்தியப் பெண்களுக்கு மேற்கு நாடுகளை விடப் பத்து ஆண்டு முன்னதாகவே இந்த நோய் வருகிறது என்று அடிக்கடி சொல்வதுண்டு. அதில் ஒரு பகுதி, நம் மக்கள்தொகையே இளமையானது என்பதால் வரும் தோற்றம். ஆனால் மருத்துவமனைக்கு வரும் பெண்களில் 40-களில் இருப்பவர்கள் நிறைய என்பது உண்மை. அந்த வயதில்தான் மார்பு அடர்த்தியும் கூடுதல், மேமோகிராமின் பார்வையும் மங்கல். ஜப்பான் ஆய்வு இந்தியாவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது இதனால்தான்.

எந்த ஸ்கேன் என்ற விவாதத்துக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் இது 5.6 சதவீதம். நாட்டிலேயே நல்ல நிலைமை என்று சொல்லத்தக்க மாநிலத்தில்கூட 100-க்கு 94 பேர் எந்தப் பரிசோதனைக்கும் போனதில்லை.

படத்தைப் பார்த்துச் சொல்ல ரேடியாலஜிஸ்டுகள் போதவில்லை என்பதும் ஒரு காரணம். ஏ.ஐ. இதில் உதவலாம். ஸ்வீடனில் 80 ஆயிரம் பெண்களின் மேமோகிராம்களை வைத்து 2023-ல் வெளியான முடிவில், ஏ.ஐ. துணையோடு படித்தபோது ரேடியாலஜிஸ்டுகளின் வாசிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிப்பும் குறையவில்லை.

வெப்பக் கேமரா, பெட் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை?

வெப்பக் கேமராப் படத்தை மேமோகிராமுக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. பெட் ஸ்கேன் நோய் உறுதியானவர்களுக்கு, அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்கு; சும்மா எடுப்பதற்கு அல்ல. சி.ஏ. 15-3 போன்ற ரத்தப் பரிசோதனைகள் ஆரம்பநிலைப் புற்றைக் காட்டுவதற்கானவை அல்ல. பேக்கேஜில் இருந்தால் அந்தக் காசு மிச்சம் என்று விட்டுவிடலாம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த எண்

மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பை-ராட்ஸ்' என்று போட்டு ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய.

0 என்றால் புற்று என்று அர்த்தமில்லை. படம் போதவில்லை, இன்னொரு கோணத்திலோ அல்ட்ராசவுண்டிலோ பார்க்க வேண்டும் என்று பொருள். அடர்த்தியான மார்பில் இது அடிக்கடி வரும். 1-ம் 2-ம் நிம்மதி. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி, புற்றாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4-ல் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். அதிலும் வாய்ப்பு 2 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை விரிந்து கிடக்கிறது, அதனால் 4ஏ, 4பி, 4சி என்று பிரித்துக் கேட்டுக்கொள்வது நல்லது. 5 என்றால் 95 சதவீதத்துக்கும் மேல். 6 ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

அடர்த்தி வகையும் அதே ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்கலாம். அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் அல்ல, பழைய ஃபிலிமையோ சி.டி-யையோ கையோடு எடுத்துப் போக வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அசையாமல் ஒரே அளவில் இருக்கும் நிழலை ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் விட்டுவிடுவார். பழைய படம் இல்லையென்றால் அதே நிழலுக்காக மறுபடியும் ஸ்கேன், சில நேரம் ஊசியும்கூட.